செத்துப்போன மருந்து

மருமகளைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு மாமியார் வந்து நிற்பதை அண்ணி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் அலுவலகத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டாள். இப்படிப்பட்ட அதிசயத்தை நிற்கவைத்துப் பேசினால் பாவம் பிடிக்கும் என்பது அவள் எண்ணம்.

அந்தத் துப்பறியும் அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. ஆட்கள் இரண்டே பேர். துப்பறிகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் லென்ஸ். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று அவளுக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டால் ஆள் மனசுக்குள் மடித்து வைத்திருப்பதுகூடத் தெரியும். அண்ணி அவளுடைய அண்ணன் மனைவி. கார் ஓட்டுவதும், கதவைத் தட்டுவதும், கேட்கக்கூடாததைக் கேட்பதும் அண்ணியின் இலாகா. நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் உட்கார்ந்து தொழில் நடத்துகிறார்களே, அதுதான் இவர்கள் துலக்காமல் விட்ட ஒரே மர்மம் என்று லென்ஸின் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வந்திருந்தவள் மெத்தைத் தொழிற்சாலையின் முதலாளியம்மா. தொழிற்சாலை அவள் அப்பா ஆரம்பித்தது. இப்போது அவள் பெயரில் இருக்கிறது. நடத்துவது கணவர். ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், கரையைக் கண்டே மாதக்கணக்காகிறது. வீட்டிலும் தொழிற்சாலையிலும் அவளுக்குக் கைத்துணை மருமகள்தான்.

முந்தாநாள் காலையில் நடந்ததை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். மருமகள் பிழிந்து கொடுத்த ஆரஞ்சு ஜூஸைக் குடித்த கணவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். உலுக்கினாலும் எழவில்லை. முதுகுவலிக்காக அவர் சாப்பிடும் மஞ்சள் மாத்திரை பாட்டில், சமையலறைக் குப்பைக்கூடையில் காலியாகக் கிடந்தது. ஒன்றுக்கு மேல் போட்டால் ஆளை அடித்துப்போடும் மாத்திரை அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ புது மருந்தை ஏற்றினார். பத்தே நிமிடத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்தார். ஜூஸ் கசந்தது என்றார். நேற்று மாலை போலீஸ் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

மருமகளுக்கும் மாமனாருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. போன வாரம் வியாபாரிகள் கூடியிருந்த இடத்தில் அந்தப் பெண் கத்தரிக்கோலை எடுத்து ஒரு புது மெத்தையைக் கிழித்துக் காட்டியிருக்கிறாள். உள்ளே இருந்து பழந்துணியும், எங்கேயோ பொறுக்கிய அழுக்குப் பஞ்சும் கொட்டின. எல்லார் முன்னாலும் மாமனார் அவளை வீட்டைவிட்டே விரட்டுகிறேன் என்று கத்தினார். ஆகவே அவள்தான் செய்திருப்பாள் என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டிவிட்டார்.

"என் மருமக கையில ருசி இருக்காதும்மா, அதை ஒத்துக்கறேன்" என்றாள் முதலாளியம்மா. "விஷம் இருக்காது."

லென்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது என்ன?

முதலாளியம்மா கொஞ்சம் கூச்சப்பட்டாள். தண்ணீர் கேட்கவில்லை, தன்னைக் கேட்கவில்லை, கப்பலில் இருக்கும் பிள்ளையைக் கேட்கவில்லை. வீட்டிலிருந்து என் மெத்தையைக் கொண்டுவரச் சொல்லு என்றுதான் கேட்டாராம். வேறு படுக்கையில் அவருக்குத் தூக்கம் வராதாம்.

அண்ணி சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். லென்ஸ் சிரிக்கவில்லை. காரின் சாவியை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"எல்லாரும் விஷம் எங்கேருந்து வந்ததுன்னு தேடறாங்க அண்ணி. நாம மருந்து எங்கேருந்து வந்ததுன்னு பார்ப்போம்."

"போற வழியில எனக்கும் ஒரு மருந்து வாங்கித் தா. உன்கூட சுத்தறதுல தலைவலி வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி படியிறங்கினாள்.

*

ஆஸ்பத்திரியின் வார்டு நெடுகக் கட்டில்களில் ஒரே நிறத்து மெத்தைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் முதலாளியின் தொழிற்சாலை முத்திரை. போன மாதம் விஷமுறிவுப் பிரிவைத் திறந்தபோது அவர் அத்தனையையும் நன்கொடையாகக் கொடுத்திருந்தார். அதற்காகத் திறப்பு விழாவில் அவருக்கு முன்வரிசையில் இடம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் அறையின் கண்ணாடி அலமாரியில், கல்லூரியில் வாங்கிய பதக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிக் குப்பியும் அதன் அட்டைப்பெட்டியும் மரியாதையாக நின்றன. இந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை முதன்முதலாக ஒரு மனிதருக்கு ஏற்றியது அவர்தான். முதல் குழந்தையின் முதல் பல்லைப் பத்திரப்படுத்துகிற மாதிரி வைத்திருந்தார்.

அது என்ன மருந்து என்று லென்ஸ் கேட்டதற்கு அவர் ஆசையாகவே விளக்கினார். அது என்சைம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்று படித்திருப்போமே, அதேதான். நாம் சாப்பிடுவதை வயிற்றுக்குள் வெட்டித் துண்டுபோடுவது இந்த வகைதான்.

"இதைக் கத்தரிக்கோல்னு வெச்சுக்கங்க" என்றார் டாக்டர். "இரத்தத்துல அந்த வலி மாத்திரை எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு ரெண்டா வெட்டிடும். வெட்டினதும் அதுக்கு வேகம் போயிடும். வேற எதையும் தொடவே தொடாது."

அண்ணி தலையை ஆட்டினாள். "புரியுது டாக்டர். எங்க வீட்டுல எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா. அவளும் அப்படித்தான். வீடு நிறைய ஆள் இருந்தாலும் என்னை மட்டும் தேடிப் பிடிச்சு வெட்டுவா."

அந்த நாத்தனார் அதைக் காதில் வாங்காமல் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி கிட்டத்தட்ட அட்டையைத் தொட்டது. பெட்டியின் நான்கு பக்கமும் அலை அலையாக நெளிந்திருந்தது. அச்செழுத்து ஒரு மூலையில் கசிந்து பரவியிருந்தது.

பெட்டியில் தண்ணீர் பட்டதா என்று கேட்டாள். டாக்டருக்குத் தெரியவில்லை. தன் கைக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார். அவசரத்தில் நர்ஸ் பார்மசி பிரிட்ஜிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள், அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாராமே என்று லென்ஸ் இழுத்தாள். டாக்டரின் முகத்தில் பெருமையோடு சின்னக் குழப்பமும் வந்து போனது. திறப்பு விழாவில் மருந்துக் கம்பெனிக்காரர் மேடையேறி, ஊசி போட்ட பத்து நிமிடத்தில் நோயாளி எழுந்து உட்காருவார் என்று அடித்துப் பேசினாராம். அது விற்கிறவன் பேச்சு என்றுதான் டாக்டர் நினைத்திருந்தார். புத்தகம் சொல்வது வேறு. மருந்து மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும், சில பேருக்கு மணிக்கணக்காகும். ஆனால் முதலாளி சொல்லிவைத்த மாதிரி எழுந்துவிட்டார்.

சொல்லிவைத்த மாதிரி என்ற வார்த்தையை லென்ஸ் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

*

பார்மசி கீழ்த்தளத்தின் கடைசி அறை. மருந்தாளுநர் ஐம்பதை நெருங்குகிற ஒல்லி மனிதர். பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னதும், தன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன மாதிரி விழித்தார். பிறகு திறந்தார்.

உள்ளே அடுக்கடுக்காக மருந்துப் பெட்டிகள். அத்தனையும் விறைப்பாக, முனை மழுங்காமல், கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தன. ஈரம் பட்ட அடையாளம் ஒன்றில்கூட இல்லை. லென்ஸ் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்தாளுநர் லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணிதான் குனிந்து கீழ்த்தட்டின் பின்புறம் கைவிட்டு ஒரு பெட்டியை வெளியே எடுத்தாள். மேலே டாக்டர் அறையில் பார்த்ததன் உடன்பிறப்பு. அதுவும் நெளிந்திருந்தது. ஆனால் உள்ளே குப்பி முழுசாக, திறக்கப்படாமல் இருந்தது.

"எங்க வீட்டு பிரிட்ஜ் ஒருதடவை நின்னுபோச்சு" என்று அண்ணி யாரிடமோ சொல்வது போல் ஆரம்பித்தாள். "ஐஸ் உருகி எல்லா அட்டைப்பெட்டியும் ஊறிடுச்சு. ஊறிக் காய்ஞ்சா இப்படித்தான் நெளியும். ஒண்ணு மட்டும் நெளியாது, எல்லாம் நெளியும். இங்க மத்ததெல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

லென்ஸ் மெதுவாகத் திரும்பினாள். "மத்ததையெல்லாம் மாத்திட்டீங்க. கடையில கிடைச்சிருக்கும். இதை மட்டும் மாத்த முடியல. இல்லையா?"

மருந்தாளுநர் மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பு அவரிடம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போன வாரம் வேர்த்துக் கொட்டிய ஒரு மத்தியானம் மின்விசிறியைச் சொருக இடமில்லாமல் பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். திரும்பச் சொருக மறந்துவிட்டார். அடுத்து விடுமுறை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர், பிரிட்ஜுக்குள் அடுப்படி மாதிரி வெக்கை. மற்ற மருந்துகளை ஓடி ஓடி வாங்கி நிரப்பிவிட்டார். என்சைம் குப்பி இரண்டும் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இரண்டையும் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, லீவு போட்டுக் கம்பெனிக் கிடங்குக்கு நேரில் போய் மாற்றுக் குப்பிக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்று பார்த்துத்தான் முதலாளியைத் தூக்கி வந்தார்கள். விஷயம் தெரியாத நர்ஸ் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். புதுக் குப்பி இன்று காலைதான் வந்து சேர்ந்தது. அதை மேல்தட்டில் தனியாக வைத்திருந்தார்.

வெக்கையில் இருந்தால் என்ன, திரும்பக் குளிர வைத்தால் சரியாகாதா என்று அண்ணி கேட்டாள்.

"வெந்த முட்டையை பிரிட்ஜுல வெச்சா பச்சை முட்டை ஆகுமாம்மா?" என்றார் அவர். "என்சைமும் அந்த மாதிரிதான். வெந்தா வெந்ததுதான். அது செத்த மருந்து."

லென்ஸுக்குக் கோபம் வருவது அபூர்வம். இப்போது வந்தது. நிஜமாகவே உயிருக்குப் போராடுகிற ஒருத்தர் உடம்பில் இது ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அந்த மனிதர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அதை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று என்றார். முதலாளி பிழைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டாராம்.

இதற்குள், முதலாளியிடம் வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரும் முதலாளியம்மாவோடு அங்கே வந்து சேர்ந்தார். மருந்து கெட்டுப்போன கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மெத்தைகளை இறக்க மருமகளும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோயிருக்கிறாள் அல்லவா? ஜூஸில் விஷத்தைக் கலந்தவள் முன்கூட்டியே மருந்தையும் கெடுத்து வைத்திருக்கிறாள் என்றார். மருந்தாளுநர் அவளைக் காப்பாற்றக் கதை சொல்கிறாராம். ஒரு கேஸுக்கு வந்தவருக்கு இரண்டாகக் கிடைத்த திருப்தி.

முதலாளியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மருமகளைக் காப்பாற்றப் புறப்பட்டுக் கழுத்தில் இன்னொரு கயிற்றையும் மாட்டிவிட்டோமா என்று அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள்.

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சரி இன்ஸ்பெக்டர். யாரு கெடுத்தா என்ன, மருந்து செத்துப்போச்சு. செத்த மருந்தைத்தான் அவருக்கு ஏத்தினாங்க. அப்போ அவரை எழுப்பினது யாரு?"

பிரிட்ஜ் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

*

டாக்டரிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டதும் அவர் முதலில் அலமாரியிலிருந்த குப்பியை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு, வாருங்கள் பார்த்துவிடலாம் என்று ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்.

மாத்திரை கரைந்தால் தண்ணீர் மஞ்சளாகும். உயிருள்ள என்சைம் பட்டால் அந்த மஞ்சள் வெளுத்துவிடும். திறப்பு விழாவில் கம்பெனிக்காரர் செய்து காட்டிய வித்தையே அதுதான். அதற்காக அவர் கொண்டுவந்த சின்னக் குப்பியில் மிச்சம் ஆய்வுக்கூடத்துப் பிரிட்ஜில் இருந்தது. டாக்டர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் மஞ்சள் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் விழாக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. மஞ்சள் மெல்ல வெளுத்து நிறமில்லாத தண்ணீராயிற்று. இன்னொன்றில், அண்ணி கண்டெடுத்த குப்பியின் மருந்து. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"கத்தரிக்கோல் துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள் அண்ணி.

லென்ஸ் டாக்டரைத் தனியாக அழைத்து, அன்று முதலாளி மயங்கிக் கிடந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தீர்களா என்று விசாரித்தாள். டாக்டர் யோசித்தார். இமையைத் தூக்கி டார்ச் அடிக்கப் போனாராம். திறக்கவே முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். அவசரத்தில் அதை விட்டுவிட்டார். இரத்தத்தில் மாத்திரை இருக்கிறதா என்று சோதித்தார், இருந்தது. எவ்வளவு என்று அந்தச் சோதனை சொல்லாது. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். அவர் காது மடல் சிவந்துபோயிற்று. நிஜமாக மயங்கினவருக்கு இமை இறுகாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

*

முதலாளி தனியறையில், தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஊரெல்லாம் அவர் கொடுத்த மெத்தையில் படுத்திருக்க, அவர் மட்டும் வீட்டிலிருந்து வந்த மெத்தையில் இருந்தார். அதில் வேறொரு கம்பெனியின் முத்திரை இருந்ததை அண்ணி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

லென்ஸ் கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு மரியாதையாக உட்கார்ந்தாள். மறுபிறவி எடுத்தவரை இதற்கு முன் பார்த்ததில்லை என்றும், மருந்து ஏறியபோது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றும் சொன்னாள். முதலாளிக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. கை நரம்பில் குளிர்ந்த ஆறு ஒன்று ஓடியதாம். அது நெஞ்சைத் தொட்டதாம். இருட்டு அறையில் ஒவ்வொரு விளக்காக யாரோ போட்டுக்கொண்டே வந்தது போல உடம்பு முழுக்க வெளிச்சம் பரவியதாம். விஞ்ஞானம் என்றால் விஞ்ஞானம்தான் என்று முடித்தார்.

"ரொம்ப அழகா சொன்னீங்க" என்றாள் லென்ஸ். "அந்த மருந்து உங்களுக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. நீங்க வாங்கிக்கிட்டது வெறும் தண்ணி மாதிரிதான்."

டாக்டர் இரண்டு குவளைகளையும் கட்டிலின் பக்கத்து மேஜையில் வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அதே வித்தைக்குக் கைதட்டியவர் என்பதால், முதலாளிக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் லேசில் அசரவில்லை. அப்படியானால் மருந்தில்லாமலே எழுந்திருக்கிறேன், என் உடம்பு இரும்பு என்றார். டாக்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். ஒரு பாட்டில் மாத்திரை உள்ளே போயிருந்தால் இரும்பும் மூச்சுவிட மறந்திருக்கும் என்றார். இமையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட கதையையும் சொன்னார். இன்ஸ்பெக்டரின் பார்வை முதலாளி பக்கம் திரும்பியது.

"நான் சாப்பிடலேன்னே வெச்சுக்குவோம்" என்றார் முதலாளி. "பாட்டில் நிறைய மாத்திரை எங்க போச்சு? வீடு முழுக்க போலீஸ் தேடியாச்சு. கிடைச்சுதா?"

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். கிடைக்கவில்லை.

"வீட்டுல தேடினா எப்படிக் கிடைக்கும்?" என்றாள் லென்ஸ். "கண்ணு முழிச்சதும் நீங்க பொண்டாட்டியைத் தேடல, பிள்ளையைத் தேடல. மெத்தையைத் தேடினீங்க. நோயாளி படுத்திருக்கிற படுக்கையை எந்தப் போலீஸும் சோதிக்காது."

அண்ணி நர்ஸின் தட்டிலிருந்து கத்தரிக்கோலை ஏற்கெனவே எடுத்திருந்தாள். எழுந்து கொஞ்சம் நகர்ந்து உட்காரும்படி முதலாளியைக் கேட்டுக்கொண்டாள். அவர் நகரவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டதும் நகர்ந்தார்.

மெத்தையின் ஓரம் முழுக்க மெஷின் தையல். தலைமாட்டில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கைத்தையல், இடைவெளி பிசகாமல், தொழில் தெரிந்தவர் போட்டது. அண்ணி அதை வெட்டினாள். கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்தபோது அவள் உள்ளங்கை நிறைய மஞ்சள் மாத்திரைகள்.

சாக்கடையில் கொட்டியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லையே, ஏன் இதில் போய் வைத்தீர்கள் என்று அண்ணி நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள். அவர் வெட்டுப்பட்ட தையலை விரலால் தடவினார்.

"எதை மறைக்கணும்னாலும் எனக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான்" என்றார்.

அதற்குப் பிறகு மற்றதும் வந்தது. முதலாளியம்மா அடுத்த மாதம் தொழிற்சாலையை மருமகள் பெயருக்கு எழுதிவைப்பதாக இருந்தாள். அந்தப் பெண் பொறுப்புக்கு வந்தால் முதல் வேலையாக எல்லா மெத்தையையும் கிழித்துப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததும் அதில் அடக்கம். மாமனாரைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயர் விழுந்துவிட்டால் அவள் பேச்சு எங்கும் எடுபடாது. விழா மேடையில் பத்து நிமிடத்தில் எழுப்பும் மருந்தைப் பார்த்ததும் யோசனை தோன்றியிருக்கிறது. ஒரே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஊசி ஏறியதும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே படுத்திருந்து எழுந்தாராம்.

முதலாளியம்மா அழுவாள் என்று அண்ணி கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள். அவள் அழவில்லை. கணவர் அருகில் போய் நின்றாள்.

"வார்டுல படுத்திருக்கறவங்க எல்லாம் உங்க பஞ்சுமேலதான் படுத்திருக்காங்க. உங்களுக்கு மட்டும் நல்ல மெத்தை வேணும். அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. அதை நினைச்சீங்களா?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணை மூடியதில் நடிப்பு இல்லை.

*

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து மருமகளை அனுப்பச் சொன்னார். மருந்தாளுநர் தானாகவே மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். அதற்கு என்ன தண்டனை என்று அந்த அதிகாரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

ஒரு தையல்காரப் பெண். நாள் முழுக்க மெஷினில் குனிந்து முதுகு விட்டுப்போக, வலி அடங்காமல் அதே மஞ்சள் மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். பாதி காலியான பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கணவன் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தான். யாரிடம் அதைக் கொடுப்பது என்று தெரியாமல் அண்ணியிடம் கொடுத்தான்.

மருந்தாளுநர் யாரும் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மேஜையில் வைத்த சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினார். காலையில் வந்த புதுக் குப்பியைக் குளிர்ப்பெட்டியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு மேலே வந்தார். டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பெட்டியின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்த்தார், பிறகுதான் திறந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே லென்ஸும் அண்ணியும் முதலாளியம்மாவும் நின்றார்கள். டாக்டர் அந்தப் பெண்ணின் இமையைத் தூக்கினார். அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் விலகியது. அண்ணி கையிலிருந்த பாட்டிலைத் திருப்பி, எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணினாள்.

பத்து நிமிடம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. செயற்கை மூச்சுக் கருவி மட்டும் ஏறி இறங்கியது. கணவன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இதற்குள் மருமகள் வந்துவிட்டாள். கசங்கிய உடையும் கலைந்த தலையுமாக நின்ற பெண்ணை மாமியார் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். மருமகள் உள்ளே கிடப்பது யார் என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்தக் கணவனுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

யாரோ வாங்கிவந்த தேநீர் எல்லோர் கையிலும் ஆறிப்போயிற்று. ஜன்னலில் வெயில் இறங்கியது. டாக்டர் உட்காரவே இல்லை. மருந்தாளுநர் கதவருகில், தன்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை என்பதையே பெரிய கருணையாக நினைத்து ஒடுங்கி நின்றார்.

முதலில் ஒரு விரல் அசைந்தது. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு அவள் தொண்டையிலிருந்த குழாயோடு மல்லுக்கட்டி இருமினாள். டாக்டர் அவசரமாகக் குழாயை எடுத்தார். அவள் நர்ஸின் மேலெல்லாம் வாந்தி எடுத்தாள். கண்ணைப் பாதி திறந்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், இந்தப் பாழாய்ப்போன விளக்கை யார் போட்டது, தலை வெடிக்கிறது, அணைத்துத் தொலையுங்கள் என்று திக்கித் திணறித் திட்டினாள். திட்டிக்கொண்டே டாக்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. கணவன் எழுந்திருக்கப் பார்த்து, கால் மரத்துப்போய், மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்க முந்தானையைத் தேடியவள் அண்ணியின் முந்தானையை எடுத்துத் துடைத்தாள். அண்ணி அதைக் கவனித்தும் விட்டுவிட்டாள்.

"இதுக்குப் பேருதான் எழுந்திருக்கறது" என்றாள் அண்ணி.